ஏழு வயது மகள், ஒன்பது வயது மகன்: உடை ஒழுக்கத்தை எங்கிருந்து தொடங்குவது? (பெங்களூரு)

ஃப்ரேசர்டவுன்_உம்மா கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்கு ஊர் கீழக்கரை, குடியிருப்பது பெங்களூரு ஃப்ரேசர் டவுனில். மகளுக்கு ஏழு வயது நடக்கிறது, மகனுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. பகலில் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல், அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பிறகு தெருமுனை மக்தப் (குர்ஆன் ஓதும் பள்ளி). அங்கே ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), நாங்கள் ஷாஃபி.

உடை விஷயத்தை இரண்டு பேருக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை. வெளியில் கிளம்பும்போதெல்லாம் மகளுக்கு இப்போதே மக்கனா (தலைமுக்காடு) போடச் சொல்கிறார்கள் மாமி. ஸ்கூல் சீருடையோ முட்டி வரைக்குமான பினஃபோர். தொழும்போது பாதம் தெரிந்தால் பரவாயில்லை என்று மக்தபில் சொல்கிறார்கள், கூடவே கூடாது என்று ஊரில் சொல்கிறார்கள். பிள்ளை யார் பேச்சைக் கேட்பாள்? "காக்கா மட்டும் டிரவுசர் போடுறான், நான் மட்டும் ஏன் உம்மா?" என்று அண்ணனைக் காட்டிக் கேட்கிறாள். அவனுக்கு இதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை என்பதும் உண்மை. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆலிமா_சிவாஜிநகர்:

வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ். மாமியின் அக்கறை சரியானதுதான், ஆனால் சட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்நியருக்கு முன் உடலை மறைப்பது கடமையாவது பாலிக் ஆன (பருவமடைந்த) பிறகு. மாதவிடாய் போன்ற அடையாளம் தெரிந்தால் அன்றிலிருந்து. எதுவுமே தெரியாவிட்டால் சந்திர ஆண்டுக் கணக்கில் 15 வயது. நம் காலண்டரில் அது ஏறக்குறைய 14 வயது 7 மாதம். அதற்கு முன் நாம் செய்வதெல்லாம் பழக்குவது. பழக்குவதைக் கடமையின் கண்டிப்போடு செய்தால் பிள்ளை வெறுத்துப்போகும்.

ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் படுக்கையைப் பிரித்துவிடுங்கள் என்ற ஹதீஸ் (நபிமொழி) அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. உடைப் பயிற்சியையும் இதே கயிற்றில் கட்டுவதுதான் நல்லது. அதாவது மகளுக்கு முதல் மக்கனா கடைத்தெருவுக்குப் போவதற்காக இருக்க வேண்டாம், தொழுகைக்காக இருக்கட்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போடுவாள், ஸலாம் கொடுத்ததும் கழற்றி மடித்து வைப்பாள். யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காக மூடவில்லை, அல்லாஹ்வின் முன் நிற்பதற்காக மூடுகிறோம் என்பது முதலில் மனதில் விழும். முதலில் விழுவதுதான் கடைசிவரை நிற்கும்.

அது பழகிய பிறகு மக்தபுக்கு. அப்புறம் மவ்லிது, கல்யாண வீடு, பெருநாள். ஒன்பது, பத்து வயதில் அவளாகவே வெளியில் போட விரும்பும் நிலை வந்தால் நல்லது. இந்தக் காலத்தில் சில பிள்ளைகள் பத்து, பதினொன்றிலேயே வயதுக்கு வந்துவிடுகிறார்கள், அதனால் ரொம்பத் தள்ளியும் போடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, அதுவரை ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டு, பிள்ளை வயதுக்கு வந்த அன்று "இனிமேல் இதைப் போடு, அதைப் போடாதே" என்பது. வயிற்றுவலியும் பயமுமாக இருக்கும் பிள்ளைக்கு அது தண்டனையாகவே தெரியும்.

துணிக்கு முன்னால் வீட்டுக்குள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குர்ஆனின் சூரத்துந் நூர் அத்தியாயத்தில் 58ஆம் வசனம் பருவமடையாத பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறது: ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்கு முன், நண்பகலில் உடையைக் களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பின் என்று மூன்று நேரங்களில் அவர்கள் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அடுத்த வசனம், பருவமடைந்துவிட்டால் எல்லா நேரமும் கேட்க வேண்டும் என்கிறது. இதை இன்றைக்கே தொடங்கலாம். கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, "வரலாமா" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும். நீங்களும் அவர்கள் அறைக்குள் போகும்போது அப்படியே செய்யுங்கள். உடை மாற்றுவது கதவைச் சாத்திக்கொண்டு. அண்ணன் தங்கை சேர்ந்து குளிப்பது இதற்குள் நின்றிருக்க வேண்டும். மகனுக்குப் பத்து நெருங்குகிறது, படுக்கையையும் பாருங்கள். ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடாக இருந்தால் தனி அறைக்கு வழியிருக்காது. தனித்தனி மெத்தை, தனித்தனி போர்வை, நடுவில் இடைவெளி, அது போதும்.

பாதம் விஷயம். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் மத்ஹபில் சரி. ஷாஃபியில் பெண் தொழும்போது முகமும் மணிக்கட்டு வரை கைகளும் தவிர எல்லாம் மறைய வேண்டும். பாதமும் அதில் அடக்கம், தாடைக்கு அடிப்பகுதியும் அடக்கம். பிரித்தறியும் வயதுச் சிறுமிக்கும் தொழுகை செல்லுபடியாக இதுவே நிபந்தனை. ஹனஃபியில் வலுவான கருத்துப்படி பாதத்துக்கு விலக்கு உண்டு. ஒரு உறுப்பில் கால்பங்கு, மூன்று தஸ்பீஹ் (இறைத்துதி) சொல்லும் நேரம் திறந்திருந்தால்தான் தொழுகை முறியும் என்ற அளவுகோலும் அங்கே இருக்கிறது. ஷாஃபியில் அந்தச் சலுகை இல்லை. காற்றில் விலகியதை உடனே இழுத்து மூடினால் மட்டும் குற்றமில்லை. ஆகவே மகளிடம் ஹஜ்ரத் தப்பாகச் சொன்னார் என்று சொல்லிவிடாதீர்கள். "ஹஜ்ரத் சொல்வது அவங்க இமாம் வழி, நாம இமாம் ஷாஃபி வழி, ரெண்டும் சரி, நம்ம வீட்டில் ஸாக்ஸ் போட்டுத் தொழுவோம்" என்றால் ஏழு வயதுக்குப் புரியும். ஸாக்ஸோடு மக்தபில் தொழுதால் அங்கேயும் யாரும் குறை சொல்ல முடியாது.

"ஏன்" என்ற கேள்விக்கு வருகிறேன். இதில்தான் பெரியவர்கள் ரொம்பத் தவறுகிறோம். "இல்லாட்டி ஆம்பளைங்க பார்ப்பாங்க, கெட்டது நடக்கும்" என்று சிறு பிள்ளையிடம் சொல்லவே கூடாது. நாளைக்கு யாராவது அவளிடம் தவறாக நடந்தால், நம் உடையில்தான் குறை என்று நினைத்து வீட்டில் வாய் திறக்க மாட்டாள். இப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், பிள்ளை என்ன உடுத்தியிருக்கிறது என்று பார்த்தா செய்கிறார்கள்? குற்றம் முழுக்கத் தொட்டவனுடையது என்று இரண்டு பிள்ளைகளுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். மூடியிருக்கும் இடத்தை உம்மா குளிப்பாட்டும்போதும் டாக்டர் உம்மா முன்னால் பார்க்கும்போதும் தவிர யாரும் தொடக்கூடாது, தொட்டால் உடனே சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பிள்ளையே போன் செய்யலாம் என்பதும் இதே பாடத்தில் வர வேண்டும்.

அப்படியானால் என்ன பதில் சொல்வது? "அல்லாஹ் நமக்குத் தந்த உடம்பு மதிப்பானது, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று அவனே சொல்லித் தந்திருக்கிறான்." ஏழு வயதுக்கு இவ்வளவு போதும். சூரத்துல் அஃராஃபில் உடையை மறைப்பாகவும் அலங்காரமாகவும் இறக்கினோம் என்று அல்லாஹ் சொல்கிறான். அதனால் அழகான நிறம், பூப்போட்ட துணி எல்லாம் அவளே தேர்ந்தெடுக்கட்டும். நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்த இது வயதில்லை. காக்காவைப் பற்றிய கேள்வி நியாயமான கேள்வி. அவனுக்கும் எல்லை உண்டு என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும், வேறு பதில் எடுபடாது.

அளவுநாடா:

தையல் பக்கத்தை நான் சொல்கிறேன். சிறுமிக்கு ஜார்ஜெட், ஷிபான் ஷால் வாங்காதீர்கள். வழுக்கும், மெல்லியதாக இருக்கும், பின் குத்தாமல் நிற்காது. பின் சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பின்னை உதட்டில் கவ்விக்கொண்டு ஷால் சுற்றும்போது சிரித்தாலோ இருமினாலோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பெரியவர்களும் பிள்ளைகள் முன்னால் அப்படிச் செய்யக் கூடாது, பார்த்ததைத்தான் செய்வார்கள்.

தலைவழியாக மாட்டும் மக்கனா போதும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ சிக்பேட்டையிலோ 44 இஞ்ச் அகலத்தில் கேம்பிரிக் காட்டன் கேளுங்கள். ஏழு வயதுக்கு முக்கால் மீட்டர், பத்து வயதுக்கு ஒரு மீட்டர். தைப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள், காட்டன் சுருங்கும். அகலத்தை இரண்டாக மடித்தால் 22 இஞ்ச். மடிப்பு ஓரம் பின்தலைக்கு வரும், திறந்த ஓரம் முன்னால். மேலே நெற்றியிலிருந்து பின்னுச்சி வரை வளைவாக வெட்டித் தைக்க வேண்டும், முன்னால் தாடைக்குக் கீழிருந்து அடிவரை நேராக. நடுவில் விடுவது முகத்துக்கான வாய். அதன் அளவை அட்டவணை பார்த்து வெட்டாதீர்கள். முடி முளைக்கும் வரியில் நாடாவை வைத்து, காதுக்கு முன்னால் இறக்கி, தாடைக்கு அடியில் கொண்டுவந்து, இரண்டு விரல் நுழையும் தளர்வு விட்டு எடுங்கள். கால் இஞ்ச் எலாஸ்டிக்கை இந்த அளவுக்கே போடலாம், இழுத்துக் கட்டினால் நெற்றியில் தழும்பு விழும், பிள்ளை கழற்றி எறியும்.

ஆலிமா சொன்னதோடு ஒட்டிய ஒன்று: ஷாஃபியில் ஸஜ்தாவில் நெற்றியின் ஒரு பகுதியாவது நேராகத் தரையில் பட வேண்டும், உடம்போடு ஒட்டி அசையும் துணி முழுசாகக் குறுக்கே நிற்கக் கூடாது. எலாஸ்டிக் தளர்ந்த மக்கனா புருவம் வரை இறங்கிவிடும். ஆகவே எலாஸ்டிக்கை மாற்றும்படி சின்ன வாய் விட்டுத் தையுங்கள், துவைக்கத் துவைக்க அது தளரத்தான் செய்யும்.

தலை ஈரத்தோடு மக்கனா போடக் கூடாது. பெங்களூரில் டிசம்பர், ஜனவரி காலைகளில் முடி காய நேரமெடுக்கும், ஈரம் உள்ளே அடைந்தால் நாற்றம், அரிப்பு, பொடுகு. அதன்பின் பிள்ளை மக்கனாவையே குறை சொல்லும். ஸ்கூல் நாளில் மாலையில் தலைக்கு ஊற்றிவிடுங்கள்.

எந்த உடை வாங்கினாலும் கடையிலேயே மூன்று அசைவு செய்யச் சொல்லுங்கள்: இரண்டு கையையும் தூக்குவது, ருகூஉ போல முழுசாகக் குனிவது, தரையில் சம்மணம் போடுவது. கை தூக்கும்போது டாப் மூன்று, நான்கு இஞ்ச் மேலே ஏறும். வயிறு தெரிந்தால் அந்த சைஸ் வேண்டாம். குனியும்போது கழுத்து முன்னால் தொங்கி நெஞ்சு தெரிகிறதா என்று பாருங்கள், சிறுமிகள் ஃபிராக்கில் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. துணி மெல்லியதா என்று பார்க்க, உள்ளே கையை விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் லைனிங் வேண்டும். வெள்ளைச் சீருடைக்குள் வெள்ளைச் ஷிம்மி போட்டால் அதன் ஓரம் அப்படியே தெரியும், தோல் நிறத்தில் போட்டால் தெரியாது.

லெகிங்ஸை மட்டும் போட்டு மேலே குட்டை டாப் போடுவது மூடியதாகாது, காலின் வடிவம் அப்படியே தெரியும். பினஃபோருக்குள் போட அது நல்ல துணி. முட்டிக்கு மேல் பினஃபோர் மறைத்துவிடுகிறது, முட்டிக்குக் கீழ்தான் தெரியும், விளையாட்டில் பாவாடை பறந்தாலும் கவலையில்லை.

மக்தப்_ஆசிரியர்:

மகனைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். சூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ஆண்களுக்கு 30ஆம் வசனத்தில், பெண்களுக்கு 31இல். வரிசையைப் பாருங்கள்.

பையனுக்குத் தொப்புளுக்கும் முட்டிக்கும் இடைப்பட்டது அவ்ரத் (மறைக்க வேண்டிய பகுதி). ஹனஃபியில் முட்டியும் சேரும், ஷாஃபியில் முட்டி சேராது, ஆனாலும் முட்டியையும் மறைக்கும் நீளம் எடுத்தால்தான் இடைப்பட்டது முழுசாக மறையும். கடையில் நிற்கும்போது முட்டியைத் தொடும் டிரவுசர், உட்கார்ந்தால் நான்கு விரல் மேலே போய்விடும். முட்டிக்குக் கீழே ஒரு சாண் வரும் த்ரீ-ஃபோர்த் வாங்கிக் கொடுங்கள். ஃபுட்பால் டிரவுசர் மேலே ஏறுவதாக இருந்தால் உள்ளே முட்டி மூடும் டைட்ஸ் போட்டு விளையாடட்டும்.

எங்கள் மக்தபில் அன்றாடம் பார்க்கும் கோளாறு ஸஜ்தாவில் தெரியும் முதுகு. இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் ஜீன்ஸ், மேலே குட்டை டீ-ஷர்ட். குனிந்ததும் இடுப்புக்குக் கீழே நான்கு விரல் திறந்துவிடும். பின்னால் நிற்பவருக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. ஷாஃபி பிள்ளைக்குத் தொழுகையே போய்விடும். பனியனைப் பேண்டுக்குள் சொருகிவிட்டால் இது தீர்ந்தது. வெள்ளை பைஜாமா மெல்லியதாக இருந்தால் தொடையின் நிறம் தெரியும், அதற்குள்ளே முட்டி வரை உள்ளாடை வேண்டும். பெருநாளுக்குப் பட்டுக் குர்தா, தங்கச் செயின் போட்டுவிடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். ஆண்களுக்கு அவை இரண்டும் விலக்கப்பட்டவை. சிறுவனுக்கு அணிவிக்க ஷாஃபி நூல்களில் இடமுண்டு என்றாலும், நாளைக்கு விட வேண்டியதைப் பழக்கி என்ன பயன்?

பார்வையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? புகாரி ஹதீஸ் தொகுப்பில் ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி) சம்பவம் இருக்கிறது. ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்களோடு ஒரே வாகனத்தில் இருந்த இளைஞர் அவர். கேள்வி கேட்க வந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நபியவர்கள் அவருடைய முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். திட்டவில்லை, பார்த்தவரைத்தான் திருப்பினார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு இந்த ஒரு சம்பவம் போதும். டிவியில், மொபைலில் ஏதாவது வந்தால் நீங்களும் கூச்சல் போடாமல் சேனலை மாற்றுங்கள், பார்வையைத் திருப்புவது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தங்கச்சியின் உடையைக் கண்காணிக்கும் போலீஸ் வேலையை மட்டும் அவனிடம் கொடுத்துவிடாதீர்கள். பல வீடுகளில் இது நடக்கிறது. பையனுக்கு அதிகாரம் பழகும், வெட்கம் பழகாது.

வாப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மகனுக்கு நாம் சொல்லும் எதுவும் ஏறாது.

ஃப்ரேசர்டவுன்_உம்மா:

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹ் கைர். இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்கூலில் லெகிங்ஸுக்கு அனுமதி கேட்பது எப்படி? 2022இல் ஹிஜாப் பிரச்சினையில் நடந்ததை எல்லாம் நினைத்தால் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. ஆண்டு விழா டான்ஸுக்குக் கையில்லாத டிரெஸ் சொல்லியிருக்கிறார்கள். அவள் கூட்டாளிகள் எல்லாம் ஆடுகிறார்கள். மக்தபுக்கு ஸ்கூட்டியில் கூட்டிப் போகும்போது மக்கனாவும் ஹெல்மெட்டும் சேர்ந்து எப்படிப் போடுவது?

காக்ஸ்டவுன்_வாசகர்:

2022 பிப்ரவரி 5 கர்நாடக அரசாணையின் சாரம், தனியார் பள்ளிகளில் நிர்வாகம் முடிவு செய்யும் சீருடை என்பது. மார்ச் 15 உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ஏற்றது. அக்டோபர் 13 உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கு தலைமுக்காட்டைப் பற்றியது, நீங்கள் கேட்கப்போவது லெகிங்ஸ். பினஃபோருக்குள் முழுக்கால் லெகிங்ஸைக் குளிருக்காகவும் பல பள்ளிகளில் அனுமதிக்கிறார்கள். டைரியில் சீருடை விதிப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஸாக்ஸின் நிறத்திலேயே லெகிங்ஸ் போட அனுமதி கேட்டு முதல்வருக்கு நான்கு வரியில் கடிதம் கொடுங்கள். ஒரு பிரதியில் ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஏப்ரலிலேயே கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிளாஸ் டீச்சர் தலையாட்டியதை நம்பி அனுப்பினால், டீச்சர் மாறியதும் பிள்ளைதான் வகுப்புக்கு வெளியே நிற்கும்.

ஆலிமா_சிவாஜிநகர்:

ஏழு வயதில் கடமை இல்லாத ஒன்றுக்காகப் பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வாதாட வைக்காதீர்கள். பேச வேண்டியதைப் பெரியவர்கள் பேசுங்கள். ஆண்டு விழாவுக்கு டீச்சரை முன்கூட்டியே பார்த்து, அதே நிறத்தில் முழுக்கை ஸ்லிப்பும் லெகிங்ஸும் உள்ளே போடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். ஆட்டமே வேண்டாம் என்று முடிவு செய்தால் வெறுமனே "கூடாது" என்று நிறுத்தாமல் நாடகம், பேச்சு, வரவேற்பு என்று மேடையில் வேறொரு இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். தீனால் (மார்க்கத்தால்) நமக்கு இழப்புதான் என்ற நினைப்பு இந்த வயதில் விழக் கூடாது.

அளவுநாடா:

ஸ்கூட்டிக்கு: நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். நீள மக்கனாவுக்கு மேல் ஹெல்மெட் போட்டால் துணி மடிந்து ஹெல்மெட் ஆடும், பிடிமானம் இருக்காது. மெல்லிய ஹோசியரி உள்தொப்பி போட்டு அதன்மேல் ஹெல்மெட், தாடைப் பட்டையில் இரண்டு விரல் இடம். பட்டைக்கு அடியில் முடிச்சோ பின்னோ இருக்கக் கூடாது. மக்கனா பையில் இருக்கட்டும், மக்தப் வாசலில் மாட்டிக்கொள்வாள்.

உங்கள் புர்காவையும் துப்பட்டாவையும் பாருங்கள். பின்சக்கரத்தில் சேலை கார்டு இருக்க வேண்டும், துப்பட்டா முனை இரண்டையும் முன்னால் கொண்டுவந்து ரெயின்கோட்டுக்கோ ஜாக்கெட்டுக்கோ உள்ளே சொருகிவிடுங்கள். சக்கரம் துணியைச் சுற்றினால் கழுத்தைத்தான் இழுக்கும். பார்க்கில் சறுக்குமரம், ஊஞ்சல் ஏறும்போதும் மகளுக்குத் தொங்கும் ஷால் வேண்டாம், கழுத்தோடு நிற்கும் குட்டை மக்கனா போட்டுவிடுங்கள். அதற்கு அரை மீட்டர் ஹோசியரி போதும். ஓரம் அடிக்கும்போது சாதாரண ஊசி போடாமல் பால்பாயிண்ட் ஊசி போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துணியில் ஓட்டை விழுந்து விரியும்.